தலையும் வாலும்

சனிக்கிழமை இரவு ஒன்பதரை ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. "அப்பாவுக்குப் பரீட்சை" என்று சொல்லி மகள் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். பரீட்சை என்பதும் ஓரளவு உண்மைதான். போனில் ஒரு பாட்டுத் துண்டு வந்து விழும். நீளம் ஒரே ஒரு செகண்ட். ஏதோ ஒரு கம்பி அதிரும், இல்லாவிட்டால் ஒரு தபேலா 'திம்' என்னும், அவ்வளவுதான். அது என்ன பாட்டு, என்ன படம் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். நான் கோவில்பட்டி. தஞ்சாவூரில் ஒரு கணக்கு டீச்சர். ஷார்ஜாவில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. டொராண்டோவில் ஒரு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். அப்புறம் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி. அவனுக்கு வயது 25. எங்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டு அவரவர் வயதை அவ்வப்போது ஞாபகப்படுத்துவான். 2020 ஊரடங்கில் சேர்ந்த கூட்டம் இது. இதுவரை ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. டீச்சரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவருடைய டிபியில் ஐந்து வருஷமாக ஒரு செம்பருத்திதான் இருக்கிறது.

எனக்கு ஒன்பதரை என்றால் ஷார்ஜாவில் எட்டு. அக்காவுக்கு நண்பகல் 12. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் 11. அவர் சமைத்துக்கொண்டேதான் ஆடுவார். தாளிக்கிற நேரம் பார்த்துக் கேள்வியைப் போட்டால் அக்காவை ஜெயிக்கலாம் என்று ஷார்ஜா அண்ணன் ஒரு காலத்தில் நம்பினார். பலிக்கவில்லை.

முதலில் வாட்ஸப் காலில்தான் ஆடிப் பார்த்தோம். ஷார்ஜா அண்ணனுக்கு அது எடுக்கவில்லை. எமிரேட்ஸில் வாட்ஸப் மெசேஜ் போகும், கால் போகாது. சரி என்று கூகுள் மீட்டுக்குப் போனோம். அங்கே வேறு வினோதம். நான் ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்து ஒரு புல்லாங்குழல் முன்னிசையை ஓட விடுகிறேன், அந்தப் பக்கம் நான்கு பேரும் "போடுங்க சார், போடுங்க" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக் குரல் அல்லாத சத்தத்தை எல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும் வசதி அதில் இருக்கிறது. மிக்ஸி சத்தத்தைத் தடுக்கச் செய்தது இளையராஜாவையும் சேர்த்துத் தடுத்துவிட்டது.

கடைசியில் ஆடியோ துண்டை வாட்ஸப் குரூப்பில் போடுவது, பதிலை டைப் செய்வது என்று முடிவானது. அதிலும் சண்டை வந்தது. வாட்ஸப் மணியும் நிமிஷமும் காட்டும், செகண்ட் காட்டாது. அவரவர் அனுப்பிய பதில் அவரவர் போனில் முதலில் நிற்கும். "என் போன்ல நான்தான் ஃபர்ஸ்ட்" என்று மூன்று பேர் மூன்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அதனால் கேள்வி போட்டவர் போன்தான் நீதிமன்றம், மேல்முறையீடு கிடையாது என்று டீச்சர் சட்டம் போட்டார். ஷார்ஜா அண்ணன் இன்றும் மேல்முறையீடு செய்கிறார்.

செகண்ட் கணக்கைக் கொண்டுவந்தவன் பெங்களூர் தம்பி. 2022-ல் வேர்டில் என்கிற வார்த்தை விளையாட்டு மோகம் அடித்தபோது அதைப் பார்த்து ஹெர்டில் என்று ஒரு பாட்டு விளையாட்டு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஒரு செகண்ட் கேட்க வைக்கும். தெரியவில்லை என்றால் 2 செகண்ட். பிறகு 4, 7, 11, கடைசியாக 16. ஆறு வாய்ப்பு. அந்த வருஷம் ஜூலையில் ஸ்பாட்டிஃபை அதை வாங்கி, அடுத்த வருஷம் மே மாதம் இழுத்து மூடியது. அதில் வந்த இங்கிலீஷ் பாட்டுகளை எங்களால் 16 செகண்டில் அல்ல, 16 நாளிலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் படிக்கட்டு பிடித்துப்போனது. ஒரு செகண்டில் சொன்னால் 6 புள்ளி, 16 வரை இழுத்தால் ஒரு புள்ளி.

இந்த விதி வந்த நாளிலிருந்து நான்தான் ராஜா. அதற்குக் காரணம் என் சங்கீத ஞானம் என்று குரூப்பில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நாள் மறுக்கவில்லை.

உண்மை வேறு. பிளஸ் டூ முடித்த கையோடு, 1989 முதல் 1992 வரை, நான் ஒரு கேசட் ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்த ஊரிலும் நாலு கடை இருக்கும். காலி கேசட்டும் ஒரு தாளில் பாட்டு வரிசையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்பி ரெக்கார்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ அந்த வரிசைப்படி பதிந்து கொடுக்க வேண்டும். சட்டப்படி இது சரியா என்று அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. போலீஸ்காரர்களும் பாட்டு வரிசை கொண்டுவந்தார்கள்.

வேலை என்ன என்றால், ரெக்கார்ட், ப்ளே ரெண்டையும் சேர்த்து அழுத்தி, பாஸில் நிறுத்தி வைக்க வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் பாஸை விட வேண்டும். விட்டதும் முதல் ரெண்டு செகண்ட் ஒழுங்காக விழுகிறதா, மீட்டர் சிவப்புக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் நாலு நிமிஷம் சும்மா. அந்த நாலு நிமிஷத்தில் வேறு ஆளுக்குப் பில் போடுவேன், டீ வாங்கப் போவேன், அட்டையில் பாட்டுப் பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதுவேன். பாட்டு முடிகிற இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து பாஸில் கை வைப்பேன். அப்படி ஒரு நாளைக்கு நூறு பாட்டு. ஆக எனக்குப் பாட்டின் தலை தெரியும், வால் தெரியும். நடுவில் உடம்பு என்று ஒன்று இருப்பது கேள்விப்பட்டதுதான்.

60 கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி. நாலரை நிமிஷப் பாட்டாக ஆறு போட்டால் மூன்று நிமிஷம் மிஞ்சும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்குகிற பாட்டு எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கடைப் பையனின் படிப்பு. கணக்குத் தப்பினால் எஸ்.பி.பி. சரணத்தின் நடுவில் 'டப்' என்று நின்றுவிடுவார், மறுநாள் ஆள் கேசட்டோடு வந்து நிற்பார். 1992-ல் ரோஜா வந்தபோது ஒருத்தர் ரெண்டு பக்கமும் ரோஜாவே வேண்டும் என்றார். "ரீவைண்ட் பண்ற வேலையே இருக்கக்கூடாது தம்பி." அவரை எனக்கு இன்னும் பிடிக்கும்.

அதனால் ஒரு செகண்ட் கிட்டார் கேட்டால், அது பயணங்கள் முடிவதில்லை படத்தின் 'இளைய நிலா'வா, மூடுபனியின் 'என் இனிய பொன் நிலாவே'யா என்று என் கை முதலில் சொல்லிவிடும். ரெண்டும் கிட்டாரில்தான் தொடங்கும், ரெண்டிலும் நிலா வேறு, குழம்பாதவர்கள் குறைவு. (மூடுபனி இளையராஜாவுக்கு 100-வது படம் என்பது எங்கள் குரூப்பில் வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்கப்படும் கேள்வி.) ஆனால் அதே பாட்டில் ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இசையைப் போட்டுக் கேட்டால் நான் பேய்முழி முழிப்பேன்.

என் குட்டு அப்படித்தான் உடைந்தது. ஷார்ஜா அண்ணன் தொடர்ந்து நாலு வாரம் ரெண்டாவது இடையிசை மட்டும் போட்டார். நான் நாலு வாரமும் பூஜ்யம். "என்ன சார், உங்க ஞானம் எல்லாம் பல்லவியோட முடிஞ்சிருதா?" என்று டீச்சர் கேட்டார். கடைக் கதையைச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் ஷார்ஜா அண்ணன் தன் கதையைச் சொன்னார். அவர் வெளிநாடு போகும் முன் உடுமலைப் பக்கம் மினி பஸ் ஓட்டியவர். ஸ்டாப்பிங்கில் ஏறுகிற சத்தம், சில்லறைச் சண்டை, கண்டக்டர் விசில் எல்லாம் ஓய்ந்து பஸ் மூன்றாவது கியருக்கு வரும்போது பாட்டு பாதி ஓடியிருக்குமாம். "எனக்கு பல்லவி எல்லாம் விசில்ல போயிரும் மாப்ளே. ரெண்டாவது பிஜிஎம்தான் கேக்கும்." அவர் விட்ட தலையைத்தான் நான் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறேன்.

டீச்சருக்குக் காதைவிடக் கண் ஞாபகம். வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் ஒலியும் ஒளியும் பார்த்து வளர்ந்தவர். எந்தப் பாட்டில் யார் படிக்கட்டில் இறங்கினார்கள், யார் சைக்கிளில் வந்தார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. கதாநாயகி சேலை என்ன நிறம் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

படத்துண்டு விளையாட்டு அவர் ராஜ்ஜியம். விஜய் டிவியில் ஜெகன் நடத்திய கனெக்ஷன் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாலைந்து படங்களைக் காட்டுவார்கள், ஒட்டிப் படித்தால் விடை. அலை, பாய், ஒருவன் பந்தை உதைப்பது: அலைபாயுதே. இது சின்னப் பிள்ளைகளுக்கு. டீச்சர் ஒரு நாள் மூன்று படம் போட்டார். தரையில் பால் கொட்டிக் கிடக்கிறது, ஒரு மஞ்சப்பை, ஒரு உதிக்கிற சூரியன். பெங்களூர் தம்பி சன் டிவி சீரியல் பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். ஷார்ஜா அண்ணன், "டீச்சர், தேர்தல் தேதி அறிவிச்சாச்சு, சின்னத்தை மறைங்க" என்றார். பால் சிந்துகிறது, பை, சூரியனுக்கு இன்னொரு பெயர் ரவி. சிந்து பைரவி. அன்று ராத்திரி முழுக்க நான் இதைக் கண்டுபிடிக்காததை நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேன்.

தம்பியின் பாட்டு ஞானம் லோகேஷ் கனகராஜ் வழியாக வந்தது. 'ஆசை அதிகம் வச்சு' போட்டால் முதல் செகண்டிலேயே "கைதி" என்பான். அது 1993-ல் வந்த மறுபடியும் படப் பாட்டு. "கைதியில அந்தப் பாட்டு வருது. அது கைதி பாட்டு இல்ல" என்று டீச்சர் பிரித்துச் சொல்வார். 'கரு கரு கருப்பாயி' லியோ என்றான். ஏழையின் சிரிப்பில் என்று ஒரு படம் 2000-ல் வந்ததே அவனுக்குத் தெரியாது. உச்சக்கட்டம் 'சக்கு சக்கு வத்திக்குச்சி'. விக்ரம் என்றான். இல்லை, அசுரன் என்றேன். "அங்கிள், அசுரன் நான் மூணு தடவை பாத்திருக்கேன், தனுஷ் படத்துல இப்படி ஒரு பாட்டே இல்ல." 1995-லும் ஒரு அசுரன் வந்தது என்று நிரூபிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாட்டை முதலில் எங்கே கேட்டானோ அதுதானே அவனுக்குப் படம்.

ஒரு சமயம் ஆறாவதாக ஒருவர் இருந்தார். எந்தத் துண்டைப் போட்டாலும் ஏழெட்டு செகண்டில் பதில் வரும். நாங்கள் மலைத்துப்போனோம். ஒரு நாள் அவர் பதில் இங்கிலீஷில், பாட்டின் பெயர், அதன் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு இன்ன படத்திலிருந்து என்று, ஆப் காட்டுகிற அதே வடிவத்தில் வந்து விழுந்தது. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் ஆப்பில் போட்டு அப்படியே ஒட்டியிருக்கிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஷார்ஜா அண்ணன் மட்டும், ஏதோ 'ஃபிஷி' என்பதுபோல, ஒரு மீன் படம் போட்டார். மறு வாரம் அந்த ஆறாவது ஆள் வரவில்லை.

அந்தக் கசப்பில் பிறந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம். மெட்டே இல்லாமல் கேட்டால் எந்த ஆப் வந்து என்ன செய்யும்? நான் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். பாட்டைக் கோப்பு மொழியில் எழுதிப் போட்டேன்.

"பொருள்: நிலவு – ஆயிரம் எண்ணிக்கை – உடன் நேரில் வருமாறு கோருதல் – தொடர்பாக."

நாலு பேரும் ஒரே நிமிஷத்தில் அடித்தார்கள். அடுத்தது கொஞ்சம் கஷ்டம்.

"பொருள்: காற்று – முன்அனுமதியின்றி வாசலுக்கு வருகை புரிந்தமை – கதவினை மெதுவாகத் திறந்தமை – பெயர் வினவியபோது 'காதல்' எனப் பொருந்தா விடை அளித்தமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக."

ரிதம் படத்துப் பாட்டு என்று டீச்சர் கண்டுபிடித்துவிட்டு, "காற்று மேல மெமோவா, பதினஞ்சு நாள் டைம் குடுங்க சார்" என்றார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோப்பு மொழிதான். தம்பிக்கு மட்டும் பொறுமை இல்லை, 'வினவி' என்றால் என்ன என்று கேட்பான்.

பெரிய சண்டை என்று பார்த்தால் ஒன்றுதான். ஷார்ஜா அண்ணன், எஸ்.பி.பி. தமிழில் பாடிய முதல் பாட்டு எது என்று கேட்டார். டீச்சர் 'ஆயிரம் நிலவே வா'. எஸ்.பி.பி.க்கு டைஃபாய்டு என்று எம்.ஜி.ஆர். காத்திருந்து பாட வைத்த கதையையும் சேர்த்துச் சொன்னார். டொராண்டோ அக்கா 'இயற்கை என்னும் இளைய கன்னி'. ரெண்டு படமும் 1969. கேட்டவரோ ரெண்டும் தப்பு என்றார். அவர் கையில் இருந்த விடை, வெளியே வராமலே போன ஹோட்டல் ரம்பா படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடியது. "கேக்க முடியாத பாட்டு எப்பிடியண்ணை முதல் பாட்டாகும்?" என்று அக்கா விடவில்லை. முதலில் பதிவானதா, முதலில் வெளியானதா என்று கேள்வியில் இல்லை என்பதால் கேள்வியே செல்லாது என்று டீச்சர் தீர்ப்பு எழுதினார். எனக்கென்னவோ, அன்று மூன்று பேருக்குமே புள்ளி போட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் படுகிறது.

அக்காவைப் பற்றிக் கடைசியில் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று சொல்வதையெல்லாம் பாட்டின் ஒரு பகுதியாகவே மனப்பாடம் செய்திருக்கிறார். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டை நாங்கள் சன் டிவியில் பார்த்தோம் என்றால், "நாங்கள் அதுக்கு முன்னமே றேடியோவிலை கேட்டனாங்கள்" என்பார். எழுதியவர் யார் என்று கேட்டால் அவரை அசைக்க முடியாது.

போன மாதம் அவரையும் அசைத்துப் பார்க்க ஒரு திருட்டு வேலை செய்தேன். கடையில் இருந்த நாட்களில், பேட்டரி தீர்ந்த டேப்பில் பாட்டு இழுத்துக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். பாடகிகள் எல்லாம் ஜலதோஷம் பிடித்த ஆண்களாகிவிடுவார்கள். அதேபோல போனில் ஒரு ஆப்பை வைத்து 16 வயதினிலே படத்தின் 'செந்தூரப் பூவே'யைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, ஜானகி குரலில் நாலு செகண்ட் மட்டும் வெட்டிப் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே நாலு செகண்ட் கொடுக்கிறேனே என்று எல்லோருக்கும் சந்தேகம்.

தம்பி முதலில் வந்தான். "அங்கிள், இது ஸ்லோட் ரிவெர்ப்! இன்ஸ்டாவில நிறைய வருது. ஆனா பாடுறது யாருன்னு தெரியல. ஜேசுதாஸா?" டீச்சர் மலேசியா வாசுதேவன் என்றார். ஷார்ஜா அண்ணன் ஏதாவது பக்திப் பாட்டா என்று கேட்டார். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. பின்னால் குக்கர் சத்தம்.

"இது செந்தூரப் பூவே எல்லோ. ஜானகி."

எப்படி அக்கா என்று கேட்டேன். அடுத்த வாய்ஸ் நோட் ரெண்டு நிமிஷம் இருந்தது.

"தொண்ணூறுகளிலை எங்கட பக்கம் கரண்ட் இல்லையடா தம்பி. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலையிருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேக்கிறது. எங்கட வீட்டிலை சுத்திறது என்ர தம்பி. அவன் நல்லாச் சுத்தினா பாட்டு நல்லாப் போகும். அவனுக்குக் கை நோகேக்கை ஜானகி ஆம்பிளைக் குரலிலை பாடுவா. பேந்து ஒரு விளாம்பழம் உடைச்சுக் குடுத்தாத்தான் பொம்பிளைக் குரல் திரும்பி வரும். நீ இப்ப போட்டது விளாம்பழத்துக்குக் கொஞ்சம் முந்தி."

குரூப்பில் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் டைப் செய்யவில்லை. மூன்றாவது வாய்ஸ் நோட் வந்தது.

"சரி, என்ர புள்ளியைப் போடு. சோறு குழையப்போகுது."

நாலு செகண்டுக்கு விதிப்படி 4 புள்ளிதான். 6 போட்டேன். ஷார்ஜா அண்ணன் உடனே மேல்முறையீடு செய்தார்.